கட்டிலைத் தூக்கிய நால்வர்

(ஆதரவாளர்களின் வருடாந்தர ஐக்கியக் கூட்டத்தில் எங்கள் ஆஸ்பத்திரிச் சாப்ளின் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் புதிதாக வந்த கருவியைப் பற்றியும், பிரசவ வார்டைப் பற்றியும், கண் முகாமைப் பற்றியும் சந்தோஷமாகச் சொல்லுவோம். இந்த முறை நாங்கள் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறோம். இந்த ஊழியம் உங்கள் ஜெபத்தாலும் காணிக்கையாலும் நடக்கிறது. நன்றாக நடந்ததை மட்டும் உங்களிடம் சொல்லிவிட்டு, தவறினதை மறைப்பது நியாயமல்ல.

பழவேற்காடு ஏரியை உங்களில் அநேகர் பார்த்திருப்பீர்கள். ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக நம் தேசத்தில் பெரிய உவர்நீர் ஏரி அது. அதன் கரையில், ஆந்திர எல்லைக்குச் சமீபமாக, சுண்ணாம்புக்குளமும் அதைச் சுற்றிய மீனவர் குப்பங்களும் இருக்கின்றன. இறாலும் நண்டும் மடவையும்தான் அங்கே பிழைப்பு. ஏரியில் 'பாடு' என்று ஒரு பழைய ஒழுங்கு உண்டு. எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதை முறை வைத்து ஊரார் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளுவார்கள். பலமுள்ளவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளாதபடி முன்னோர் செய்த நல்ல ஏற்பாடு. ஆனால் தன் முறை வந்த நாளில் ஒருவர் எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் அந்த இரவின் வருமானம் அந்த வீட்டுக்கு இல்லை. இறால் யாருக்காகவும் காத்திருக்காது.

அப்படிக் கிடந்த ஒருவரைப் பற்றித்தான் பேசப்போகிறோம். குடும்பத்தாரின் அனுமதியோடு சொல்லுகிறோம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

அவருக்கு நாற்பது வயது. நல்ல உழைப்பாளி. இரவெல்லாம் தண்ணீரில் நின்றுவிட்டுக் குளிருக்கென்று தொடங்கிய பழக்கம், நாளடைவில் விடிந்ததும் வேண்டும் என்று ஆயிற்று. ஒரு குவார்ட்டர் பாட்டில் என்பது 180 மில்லி. அதில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அவர் நாளொன்றுக்கு மூன்று குவார்ட்டர் வரை போயிருந்தார். வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் ஏறிக்கொண்டே போயிற்று. மனைவி கூலிக்கு இறால் உரிக்கப் போனார். மகள் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள்.

அந்த அம்மாள் எங்களிடம் வந்து, "ஐயா, நீங்க வந்து நாலு வார்த்தை சொன்னா கேப்பாரு" என்றார். போனோம். புத்தி சொன்னோம், ஜெபித்தோம். அவர் அழுதார். வேதாகமத்தின்மேல் கையை வைக்கச் சொல்லி, இனி ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று அவரிடம் வாக்கு வாங்கினோம். மனநிறைவோடு திரும்பி வந்தோம். அதுதான் நாங்கள் செய்த தவறு.

மூன்றாம் நாள் இரவு ஆள் வந்தது. அவருக்குப் பேய் பிடித்துவிட்டது, ஐயா உடனே வந்து ஜெபிக்க வேண்டும் என்று செய்தி. நாங்கள் போனபோது அவர், சுவரெல்லாம் நண்டு ஏறுகிறது என்று சொல்லிக் கையால் அடித்துக்கொண்டிருந்தார். உடம்பு வேர்த்துக் கொட்டியது, கைகால் உதறியது. பெற்ற மகளை யாரென்று தெரியவில்லை. வாசலில் ஊரே கூடியிருந்தது. எங்களோடு வந்திருந்த வார்டு சிஸ்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "ஐயா, ஜெபத்தை ஜீப்புல பண்ணிக்கலாம். முதல்ல இவரை ஏத்துங்க" என்றார்.

டாக்டர்கள் பிறகு எங்களுக்கு விளக்கினார்கள். வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் மூளை கட்டுக்கடங்காமல் துடிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் பிதற்றலும் இல்லாததைக் காண்பதும் காய்ச்சலும் வரலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகும். மருந்து கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தயமின் என்ற பி1 வைட்டமினை ஊசியில் ஏற்றி, டாக்டர் பார்வையில் நிறுத்தினால் இந்த ஆபத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

அந்த மனிதர் தம் வாக்கைக் காப்பாற்றினார். அதனால்தான் சாகக் கிடந்தார். அவரிடம் வாக்கு வாங்கின நாங்கள் அவரைக் காப்பாற்ற ஒன்றும் ஏற்பாடு செய்திருக்கவில்லை.

பிரியமானவர்களே, அவர் பிழைத்தார். ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போனார். ஒரு மாதத்துக்குள் மறுபடி குடித்தார். உடம்பிலிருந்து சாராயத்தை இறக்கிவிட்டோம். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தோம். அந்த அம்மாள் திரும்பவும் வந்தார். இந்த முறை, "அவரு வர மாட்டேங்கிறாரு ஐயா. இனிமே இன்னா செய்யறது?" என்று மட்டும் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு நம் சபைகளில் இரண்டு பதில்கள் வழக்கமாக உண்டு. ஒன்று, "ஜெபித்துக்கொண்டே இருங்கள்." மற்றொன்று, "பட்டால்தான் திருந்துவான், விட்டுவிடுங்கள்." ஜெபத்தை நாங்கள் குறைத்துச் சொல்லமாட்டோம், அது எங்கள் உயிர்மூச்சு. ஆனால் பட்டுத் திருந்தட்டும் என்று காத்திருந்தவர்களில் எத்தனை பேர் கல்லறைவரைக்கும் காத்திருந்தார்கள் என்பதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். 2023 மே மாதம் மரக்காணத்துக்கு அருகே எக்கியார்குப்பம் என்ற மீனவர் ஊரில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பலர் மாண்டார்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். திருந்துவதற்கு அவர்களுக்கு நாள் கிடைக்கவில்லை.

ஆகவே நாங்கள் விவரம் அறிந்தவர்களிடம் போனோம். அதற்காக வெகுதூரம் போகவேண்டியதில்லை. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், 1980-ல் சென்னையில் கணவரின் பெயரால் டி.டி. ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று ஜனங்கள் அறிந்திருப்பது அதைத்தான். குடி ஒரு நோய், அந்த நோய் வீட்டிலுள்ள எல்லாரையும் தாக்குகிறது, ஆகவே வீட்டாருக்கும் சிகிச்சை வேண்டும் என்பதை அவர்கள் தொடக்கத்திலிருந்தே கைக்கொண்டார்கள். 1989-ல் தஞ்சை வட்டாரத்து மஞ்சக்குடியில் கிராம முகாமையும் தொடங்கினார்கள். நோயாளியைச் சென்னைக்கு வரச் சொல்லாமல், டாக்டரும் ஆலோசகரும் ஊருக்குப் போய் இரண்டு வார காலம் தங்கிச் சிகிச்சை கொடுத்தார்கள். ஊராரும் பொறுப்பேற்றார்கள். அந்த அம்மையாருக்கு 1992-ல் பத்மஸ்ரீ விருதும், 1999-ல் ஐக்கிய நாடுகள் சபையின் வியன்னா சமூக விருதும் கிடைத்தன.

வர மறுக்கிறவரை வரவழைப்பது எப்படி என்பதையும் சிலர் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வெர்னன் ஜான்சன் என்ற குருவானவர், தாமே குடியிலிருந்து மீண்டவர், 1960களில் ஒரு வழியைக் காட்டினார். குடும்பத்தாரும் நண்பர்களும் பயிற்சி பெற்ற ஒருவரோடு முன்கூட்டியே ஒத்திகை பார்த்து, ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்து, கண்ட உண்மைகளை அன்போடு எடுத்துச் சொல்லி, அன்றைக்கே சிகிச்சைக்கு அழைப்பது. அடிமட்டம்வரை விழட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை என்பதே அவர் போதனை.

பிறகு ராபர்ட் மேயர்ஸ் முதலானோர் இன்னொரு வழியைக் கண்டார்கள். ஒருநாள் கூட்டத்தை மட்டும் நம்பாமல், மனைவிக்கோ தாய்க்கோ வாரக்கணக்கில் பயிற்சி கொடுப்பது. எப்போது பேசுவது, எப்போது பேசாமலிருப்பது, குடிக்காத நாளை எப்படி இனிதாக்குவது, குடியின் விளைவுகளை எப்படி மூடிமறைக்காமல் விடுவது, தன்னை எப்படிக் காத்துக்கொள்ளுவது என்பவை அந்தப் பயிற்சி. 1999-ல் 130 குடும்பத்தாரை வைத்து இந்த வழிகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு வெளிவந்தது. வாரக்கணக்கில் பயிற்சி பெற்றவர்களுடைய வீடுகளில் நூற்றுக்கு 64 பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். ஒருநாள் கூட்ட முறையில் 30 பேர். வீட்டார் தங்களுக்கு மட்டும் ஆறுதல் தேடும் முறையில் 13 பேர். ஒருநாள் கூட்டத்தை நடத்திய குடும்பங்களில் பெரும்பாலோர் வெற்றி கண்டார்கள். ஆனால் அதிகம் பேர் பயந்து அந்தக் கூட்டம்வரை போகவே இல்லை. முதலில் வீட்டாரைத் தாங்கவேண்டும் என்ற பாடத்தை நாங்கள் இதிலிருந்து கற்றோம்.

எங்கள் ஆலோசகர் அந்த அம்மாளுக்கு இரண்டு மாதம் வாரமொரு முறை நேரம் கொடுத்தார். முதல் நாள் கேட்ட கேள்வி, "வீட்ல அடி உண்டா?" என்பதுதான். அடி இருந்தால் கூட்டத்தைப் பற்றி நினைக்கும் முன்பே மனைவி மக்களின் பாதுகாப்பைப் பார்க்கவேண்டும். பெண்களுக்கு உதவ 181 என்ற அரசு எண் இருப்பதையும் சொல்லிக் கொடுத்தார். பிறகு, போதையில் இருக்கும்போது சண்டை போடுவதில்லை, குடிக்கக் கடன் வாங்கிக் கொடுப்பதில்லை, "உடம்பு சரியில்லை" என்று ஊரிடம் அவருக்காகப் பொய் சொல்லுவதில்லை என்று ஒவ்வொன்றாகப் பழக்கினார். பயிற்சி கூடக்கூட அந்த அம்மாளின் முகம் மாறியதை நாங்களே பார்த்தோம்.

அதற்குப் பிறகே கூட்டம். மனைவி, மகள், அண்ணன், படகுக் கூட்டாளி என்று நால்வரைத் தெரிந்தெடுத்தோம். ஒவ்வொருவரும் சொல்லப்போவதைத் தாளில் எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குச் சிஸ்டர் எழுதினார். ஆலோசகர் எல்லாவற்றையும் வாசித்து, திட்டும் வார்த்தைகளை அடித்துவிட்டார். "நீங்க அவரைத் திட்டப் போறீங்களா, கூப்பிடப் போறீங்களா?" என்று கேட்டார். ஒரு நிகழ்ச்சி, அதில் உங்கள் மனம் பட்ட பாடு, இப்போது நீங்கள் வேண்டுவது; இவ்வளவே போதும் என்றார். விடியற்காலையில், முந்தின நாள் போதை தெளிந்து, நடுக்கம் மிஞ்சும் முன்னே, அண்ணன் வீட்டில் கூடுவது என்று முடிவாயிற்று. ஆஸ்பத்திரியில் படுக்கை தயாராக இருந்தது. வண்டி தெருமுனையில் நின்றது. எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பது. நாற்பது வருடம் பிரசங்கம் பண்ணினவர்களுக்கு அது இலேசான வேலையல்ல.

முதலில் அண்ணன் பேசினார். "தம்பி, உன் கடனை மூணு தரம் அடைச்சேன். நீ மேல குடிக்கத்தான் அது ஒதவிச்சு. இனி அதுக்கு ஒரு ரூவா தரமாட்டேன். வைத்தியத்துக்கு எவ்ளோ ஆனாலும் தரேன்."

கூட்டாளி, "நீ ஆஸ்பத்திரில கெடக்கிற வரைக்கும் உன் பாட்டு மொறைய நான் பாத்துக்கறேன். உன் பங்கு உன் வூட்டுக்கே போவும்" என்றார்.

மகள் தாளைப் பார்க்கவே இல்லை. "நைனா, படிப்பு வரலன்னு நான் நிக்கல. ராத்திரில நீ எந்தத் தண்ணியில வுழுந்து கெடக்கிறியோன்னு முழிச்சிக்கினே இருப்பேன். காலைல பள்ளிக்கூடத்துல தூக்கம் வந்துடும். அதான்."

கடைசியாக மனைவி. "உன்னைக் கொறை சொல்ல வரலய்யா. நண்டு நண்டுன்னு நீ சொவுத்த அடிச்ச ராத்திரி, நீ பூட்டேன்னே நெனைச்சேன். இன்னிக்கே வாய்யா. நானும் கூட வரேன்."

அவர் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு வரட்டுமா?" என்றார். "இன்னைக்கு வாங்க" என்றார் ஆலோசகர். "பெட்டு இருக்குதா?" என்றார். "இருக்கு." அவர் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

இயேசுவிடம் ஒரு திமிர்வாதக்காரனைக் கொண்டுவந்த நால்வரின் சரித்திரத்தை நீங்கள் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வாசலில் கூட்டம் நெருக்கியது என்று அவர்கள் திரும்பிப் போகவில்லை. கூரையைப் பிரித்துக் கட்டிலை இறக்கினார்கள். ஆண்டவர் அங்கே கவனித்தது தூக்கி வந்தவர்களுடைய விசுவாசத்தை. ஒன்றைக் கவனியுங்கள். அந்த மனிதனை அவர்கள் கட்டிலோடு கட்டி இழுத்து வரவில்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்லுகிறோம்? சில வீடுகளில் நம்பிக்கை இழந்தவர்கள் வேறு வழிகளைத் தேடுகிறார்கள். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடியை வாங்குகிறார்கள். டைசல்பிராம் என்ற மருந்து, குடித்தவுடன் வாந்தியும் படபடப்பும் உண்டாக்கி, ரத்த அழுத்தத்தைத் திடீரென்று இறக்கக்கூடியது. அதை டாக்டர் பரிசோதித்து, நோயாளி அறிந்து சம்மதித்த பின்பே கொடுக்கலாம். தெரியாமல் கொடுத்தால் உயிருக்கு ஆபத்து. அவர் உங்கள் கையால் சாப்பிடுவதையும் அதோடு நிறுத்திவிடுவார்.

இன்னும் சிலர், ஆளை வைத்துப் பூட்டி அடிக்கிற இல்லங்களுக்கு அனுப்புகிறார்கள். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை நாம் மறக்கக்கூடாது. 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், குடியால் வரும் மனநோய்களையும் உட்படுத்துகிறது. சங்கிலியால் பிணைப்பதை முற்றிலும் தடைசெய்கிறது. சிகிச்சை இல்லத்துக்குப் பதிவு இருக்கிறதா, டாக்டர் வருகிறாரா, குடும்பத்தார் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஜெப வீடு என்று பெயர் போட்டிருந்தாலும் கேளுங்கள்.

சுண்ணாம்புக்குளத்துச் சகோதரரைப் பற்றி முடித்துச் சொல்லவேண்டும். மூன்று வாரம் இருந்தார். பிறகு மாதந்தோறும் வந்தார். ஏழாம் மாதம் ஒரு சாவு வீட்டில் மறுபடி குடித்தார். அந்த அம்மாள் மூடிமறைக்கவில்லை. அன்றைக்கே சிஸ்டருக்குப் போன் செய்தார். மூன்றாம் நாள் அவரே வந்தார். இந்த நோயில் சறுக்கல் வருவது சகஜம். சர்க்கரை ஏறினவரை டாக்டர் திட்டி அனுப்பிவிடுவதில்லையே. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் ஆகிறது, குடிக்கவில்லை. கடன் இன்னும் தீரவில்லை. மகள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். இரவில் தூங்குகிறாள் என்று தாயார் சொன்னார்.

எல்லா வீட்டிலும் இப்படி முடிவதில்லை. வேறொரு குப்பத்தில் இதேபோலக் கூடினோம். பாதியில் அவர் எழுந்து போய்விட்டார், இன்னும் வரவில்லை. ஆனாலும் அவர் மனைவி ஆலோசகரிடம் வருவதை நிறுத்தவில்லை. பிள்ளைகள் இப்போது நேரத்துக்குச் சாப்பிடுகிறார்கள். அவருக்கான படுக்கையைப் பற்றி அவரிடமே சொல்லி வைத்திருக்கிறோம்.

பிரியமானவர்களே, உங்கள் காணிக்கை இந்த ஊழியத்தில் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். ஆலோசகரின் சம்பளம் அதிலிருந்து வருகிறது. இறால் உரிக்கும் ஒரு தாய், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும்போது அவருடைய பஸ் செலவு அதிலிருந்து போகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, "பெட்டு இருக்குதா?" என்று ஒருவர் கேட்கும் நேரத்தில் "இருக்கு" என்று சொல்ல, ஒரு படுக்கையைக் காலியாக வைத்திருக்க முடிகிறது. காலியான படுக்கையால் ஆஸ்பத்திரிக்கு வரவு இல்லை. அந்தச் செலவைத் தாங்குகிறவர்கள் நீங்கள்.

உங்கள் சொந்த வீட்டிலும், உங்கள் சபையிலும் இந்தப் பாரம் இருக்கலாம். இங்கே உட்கார்ந்திருக்கிற சிலர் வெட்கத்தினால் யாரிடமும் சொல்லாமல் வருடக்கணக்கில் சுமந்திருக்கலாம். உங்களுக்குச் சொல்லுகிறோம்: இது உங்கள் ஜெபக்குறைவினால் வந்ததல்ல. அவர் வர மறுத்தாலும் நீங்கள் வரலாம். போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற கட்டணமில்லாத அரசு எண்கள் இருக்கின்றன. அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைக் கேளுங்கள். தினமும் குடிக்கிறவரை டாக்டர் இல்லாமல் திடீரென்று நிறுத்தச் சொல்லாதிருங்கள். போதகர்களே, எங்களைப்போல் வாக்கு வாங்கிவிட்டுத் திரும்பி வராதிருங்கள்.

தூக்குவதற்கு நால்வர் வேண்டும். ஒருவர் மட்டும் தூக்கினால் கட்டில் சாய்ந்துவிடும். நான்காவது மூலையைப் பிடித்திருக்கிறவர்கள் நீங்கள். தொடர்ந்து ஜெபியுங்கள், தொடர்ந்து தாங்குங்கள். கர்த்தர் உங்களையும் உங்கள் வீடுகளையும் காப்பாராக. ஆமென்.